அஸ்தினாபுரத்தில் ஆமெனுக்குக் காத்திருந்த எழுபத்தோரு பேர்

எழுபத்தோரு பேர் சுற்றிலும் முழங்காலிட்டிருக்க, அவர்கள் நடுவில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கி, அந்தத் தூக்கத்துக்காகவே பரிசுத்தவாட்டி என்று பேர் வாங்கியவள் உலகத்திலேயே ஒருத்திதான். டென்மார்க்கிலிருந்து வந்து செம்பாக்கத்தில் ஊழியம் செய்த கிர்ஸ்டன் சிஸ்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் வருஷம், ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை, பட்டப்பகல். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அங்கே இருந்தவர்களே நம்பவில்லை.

கிர்ஸ்டனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இரண்டு வருஷ சேவைக்கு என்று வந்து, பதினான்கு மாதம் முடித்திருந்தாள். ஏரிக்கரை ஓரம் சின்னதாக ஒரு சபை. அந்தச் சபை நடத்திய ஓட்டுக் கட்டட மருந்தகம்தான் அவளுக்கு வீடும் வேலையும். காலை ஐந்தரைக்கு அண்டாவில் பால் பவுடர் கரைக்க ஆரம்பிப்பாள். அந்தப் பதினான்கு மாதத்தில் அவள் கரைத்த பாலை ஏரியில் ஊற்றியிருந்தால் செம்பாக்கம் ஏரி இரண்டு தடவை கலங்கல் தாண்டி வழிந்திருக்கும். பால் முடிந்தால் சொறி, சிரங்கு, கண் வலி. அது முடிந்தால் பெண்களுக்குத் தையல் வகுப்பு. செவ்வாயும் வெள்ளியும் பல்லாவரத்தில் தோல் பதனிடுகிறவர்கள் குடியிருந்த தெருவுக்குப் போய்வர வேண்டும். வெள்ளிக்கிழமை சந்தைக் கூட்டத்தில் பஸ் ஏறுகிறவர்கள் தங்கள் காலோடு ஏறி யாரோ ஒருவர் காலோடு இறங்குகிற காலம் அது. அவள் கால்களோ மாலையில் யாருடையவை என்றே தெரியாதபடி வீங்கியிருக்கும்.

இதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது ஜெபம்.

வெள்ளைக்காரப் பெண் ஜெபித்தால் மேலே சீக்கிரம் கேட்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. மகன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிறான், சிஸ்டர் வந்து ஜெபிக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் வரவில்லை, சிஸ்டர் வர வேண்டும். பசு கன்று போடப் போகிறது, புது ரேடியோ வந்திருக்கிறது, மாமியார் ஊருக்குப் போக மாட்டேன் என்கிறாள், எல்லாவற்றுக்கும் சிஸ்டர். ஒவ்வொரு வீட்டிலும் பாய் விரிப்பார்கள், முழங்காலிடுவார்கள், பிறகு காப்பியும் மிக்சரும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அன்புதான். அந்த அன்பின் எடை ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து வைப்பவர் யாரும் இல்லை. அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த பெரியவர் ஆறு மாதம் உட்காரவைத்து இலக்கணம் எல்லாம் கற்றுக்கொடுத்தார். "இன்னைக்கு முடியாதுங்க" என்ற ஒன்றை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை.

தை மாதத்திலிருந்தே அவளுக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. தன் கட்டிலுக்குப் பக்கத்தில் தனியாக முழங்காலிட்டால் தூக்கம் வந்தது. வார்த்தை வரவில்லை. ஊரார் ரேடியோவுக்கெல்லாம் ஜெபித்தவளுக்குத் தனக்கென்று ஒரு வரி ஜெபிக்க முடியவில்லை. அம்மாவுக்கு எழுத ஆரம்பித்த கடிதம் "அன்புள்ள அம்மா" என்ற இடத்திலேயே மூன்று வாரமாக நின்றது.

"மே மாதம் கோத்தகிரியில் ஊழியர்களுக்கான ஓய்வு இல்லத்தில் மூன்று வாரம் இடம் இருக்கிறது, தபீதாக்கா," என்றாள் ஒருநாள். தபீதாள் மருந்தகத்து நர்ஸ். நாக்கும் ஊசியும் ஒரே கூர்மை. "செயலாளர் கையொப்பம் இடவேண்டும். மாத முடிவுக்குள். இல்லையென்றால் ஜூனில் கப்பல் ஏறிவிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

கிர்ஸ்டனின் தமிழ் எப்போதும் அச்சடித்த மாதிரியே இருக்கும். அன்றைக்கு அந்த அச்சு கொஞ்சம் நடுங்கியது. தபீதாள் பஞ்சு சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"போய் கேளு. சும்மா 'சரி சரி'ன்னு தலையாட்டிட்டு வந்துடாத."

சபைச் செயலாளர் வேதசிரோமணி தாம்பரத்தில் ஒரு ஆபீசில் ஹெட் கிளார்க். இருபத்தொன்பது வருஷ சர்வீசில் ஒரு நாள் லீவு போடாதவர். தன் கல்யாணத்தையே பொங்கல் விடுமுறை பார்த்து வைத்துக்கொண்டவர்.

"களைப்பா? ஊழியத்துல என்ன சிஸ்டர் களைப்பு?" என்றார்.

"எனக்குத் தூக்கம் மிகுதியாக வருகிறது, ஐயா."

"வெயில். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிங்க. லீவ் விஷயம் பார்க்கலாம். அப்படியே வியாழக்கிழமை நம்ம மச்சான் வீட்ல சின்னதா ஒரு ஜெபம்."

"சரி," என்றாள் கிர்ஸ்டன்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. வாத்தியார் ஐசக் அஸ்தினாபுரத்தில் கட்டிய வீட்டுக்குப் பிரதிஷ்டை. ரிப்பன் வெட்டி, பாட்டுப் பாடி, போதகர் சுவிசேஷமுத்து பிரசங்கம் செய்து முடிக்கும்போது மணி ஒன்றரை. அன்று காலையிலேயே கிர்ஸ்டன் வேறு நான்கு வீடுகளில் ஜெபித்துவிட்டு, நான்கு காப்பியும் குடித்துவிட்டு வந்திருந்தாள். வெயில் எப்படி என்றால், கொல்லைப்புறத்தில் பிரியாணி வைத்துக்கொண்டிருந்த பல்லாவரம் சிட்டிபாபு அடுப்பைத் தள்ளி வைத்துவிட்டு வெயிலிலேயே தம் போட்டுவிடலாமா என்று யோசித்தானாம். ஐசக் அவனிடம் ஒரே ஒரு உத்தரவு போட்டிருந்தார்: உள்ளே எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்கிற சத்தம் கேட்டதும் மூடியைத் திற, சுடச்சுட இலையில் விழ வேண்டும்.

"முடிவு ஜெபம் நம்ம சிஸ்டர் செய்வாங்க," என்றார் போதகர்.

எழுபத்தோரு பேர் ஜமக்காளத்தில் முழங்காலிட்டார்கள். கிர்ஸ்டன் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, ஒரு பிரம்பு நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டாள்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த வீட்டையும், இதில் குடியிருக்கப் போகிறவர்களையும்..." என்றாள். நெற்றி நாற்காலியின் பிரம்புப் பின்னலில் பட்டது. பிரம்பு குளிர்ச்சியாக இருந்தது. பதினான்கு மாதத்தில் அவள் மேல் பட்ட குளிர்ச்சியான பொருள் அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு எதுவும் தோன்றவில்லை.

ஜெபத்தில் கண்ணை மூடினால் ஆமெனுக்குத்தான் திறக்க வேண்டும். அது அந்தச் சபையின் வழக்கம். ஆரம்பித்தவர்தான் ஆமென் சொல்ல வேண்டும். ஒருவர் ஜெபத்தை இன்னொருவர் முடித்துவைப்பது, அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் நாம் போய்த் தாலி கட்டுவது மாதிரி.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. சிஸ்டருக்குத் தமிழ் வார்த்தை அகப்படவில்லை என்று நினைத்தார்கள். பத்து நிமிஷம். மௌன ஜெபம் என்று நினைத்தார்கள். இருபது நிமிஷத்தில் இது சாதாரண மௌனம் இல்லை என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. நாற்காலிப் பக்கமிருந்து வந்த கர்ரென்ற சத்தத்தை ஆவியின் பெருமூச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். அரை மணிக்கு மேல் முழங்கால் வலியில் சிலர் விசும்பினார்கள். அதைக் கேட்டு, மனந்திரும்புகிறார்கள் என்று மற்றவர்களும் விசும்பினார்கள். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சகலைகள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். பாசம் இல்லை, விழாமல் இருக்க. குரோம்பேட்டைப் பக்கம் எலக்ட்ரிக் ரயில்கள் வந்து வந்து போயின. ஒரு ஆடு தைரியமாக உள்ளே வந்து வாசல் தோரணத்தைத் தின்றுவிட்டு, யாரும் விரட்டாததால் பயந்துபோய் வெளியே ஓடியது.

கொல்லையில் சிட்டிபாபு ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தபடி ஆறு பீடி குடித்து முடித்தான். ஏழாவதைப் பற்றவைக்கும்போது அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. ஆமென் ஆவது ஒன்றாவது என்று மூடியைத் தள்ளினான். அது கருங்கல்லில் விழுந்த சத்தத்தில் கிர்ஸ்டன் தலையைத் தூக்கினாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமலேயே, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்:

"...ஆசீர்வதித்தருளும். ஆமென்."

அதற்கு எழுபத்தோரு பேர் சொன்ன ஆமெனில், மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானம் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கியதாகக் கேள்வி. எழுந்திருக்க முடிந்தவர்கள் எழுந்தார்கள். மற்றவர்களை இழுத்து நிறுத்தினார்கள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நெற்றி முழுக்கப் பிரம்புப் பின்னல் பதிந்து, குறுக்கும் நெடுக்குமாகச் சிவந்திருந்தது.

"சிலுவை," என்றாள் யாரோ ஒரு அம்மாள். "ஒண்ணு இல்ல, பதினேழு."

அன்றோடு தொலைந்தாள் கிர்ஸ்டன்.

ஒரே வாரத்தில் தாம்பரம், சேலையூர், பல்லாவரம் என்று முப்பத்துநான்கு வீட்டு அழைப்பு. போகிற இடமெல்லாம் அவளுக்கு முன்னால் ஒரு பிரம்பு நாற்காலி தயாராக இருந்தது. இல்லாதவர்கள் இரவல் வாங்கிப் போட்டார்கள். முன்பெல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு எழுந்துவிடலாம். இப்போது ஐந்து நிமிஷத்தில் ஆமென் சொன்னால் முகம் வாடிப்போனது. "எங்க வீட்டுக்கு அவ்வளவுதானா சிஸ்டர்?"

தான் தூங்கியதை அவள் சொல்லாமலும் இல்லை. போதகரிடம் சொன்னாள். "என்ன தாழ்மை," என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐசக்கிடம் சொன்னாள். அவர் அதைத் தன் பள்ளியில் தாழ்மைக்கு உதாரணமாகச் சொன்னார். வேதசிரோமணியிடம் போய், "ஐயா, அது ஜெபம் அன்று, உறக்கம்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தூங்கினவங்க எப்படி சிஸ்டர் விட்ட இடத்துலேர்ந்து ஆமென் சொல்லுவாங்க? நானும் அங்கதான் இருந்தேன். அப்படி ஒண்ணும் நடக்கல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. பன்னிரண்டு பேர், ஓரத்து நாற்காலியில் கிர்ஸ்டன். முதல் பொருள்: மே மாதம் தொடங்கி நாற்பது நாள், தாம்பரம் முதல் பல்லாவரம் வரை வீடு வீடாக, கிர்ஸ்டன் சிஸ்டர் தலைமையில் மௌன ஜெப யாத்திரை. இரண்டாவது பொருள், அவளுடைய லீவு மனு. முதலாவது நிறைவேறினால் இரண்டாவதற்கு வேலையே இல்லை.

தபீதாள் கதவைத் தள்ளிக்கொண்டு சிட்டிபாபுவை உள்ளே இழுத்து வந்தாள். "கண்ணால பார்த்தவரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். கேளுங்க."

சிட்டிபாபு தலைத் துண்டை அவிழ்த்தான். "அந்தம்மா தூங்கிச்சி சார். ஜன்னலாண்ட நின்னு பாத்துகினே இருந்தேன். பாவம், அட்ச்சி போட்ட மாதிரி தூங்கிச்சி."

"நீங்க நம்ம சபை இல்லையே," என்றார் ஐசக், மரியாதையாகத்தான். "மௌன ஜெபம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது."

"அது தெரியாது சார். கொறட்டை தெரியும்."

போதகர் கையை உயர்த்தினார். "சபையார் யாராவது பார்த்திருந்தா சொல்லட்டும். ஜெபத்துல யாராவது கண்ணைத் திறந்தீங்களா?"

பன்னிரண்டு பேரும் கூரை ஓடுகளை எண்ண ஆரம்பித்தார்கள். பார்த்தேன் என்றால் திறந்தேன் என்று ஆகும்.

"அப்போ தீர்மானத்தை எழுதிக்கலாமா செகரட்டரி?" என்றார் போதகர்.

வேதசிரோமணி பேனாவைத் திறந்தார். கிர்ஸ்டன் எழுந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

"ஐயா, நான் யாத்திரை போகிறேன். நீங்கள் கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. ஆனால் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். மூன்று மாதமாக நான் ஜெபிக்கவில்லை. உங்கள் வீடுகளில் வாயை மட்டும் அசைக்கிறேன். என் அறையில் முழங்காலிட்டால் ஒரு வார்த்தையும் இல்லை. நாற்பது நாள் இப்படி அசைத்தால், ஊருக்குப் போன பிறகும் எனக்கு ஜெபம் வராது என்று பயப்படுகிறேன். இது தாழ்மை அன்று. நான் களைத்துப்போனேன்."

உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

வேதசிரோமணி எழுதவில்லை. பேனாவை மூடினார், திறந்தார். பிறகு தீர்மானப் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அடியில் இருந்த லீவு மனுவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

"செகரட்டரி, என்ன இது?" என்றார் போதகர்.

வேதசிரோமணி எழுந்து நின்றார். ஆபீசில் மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"நான் கண்ணைத் திறந்தேன் ஐயா. ஒருதரம் இல்ல, நாலஞ்சு தரம். முழங்கால் விட்டுப் போச்சு. சிஸ்டர் முந்தானை விலகியிருந்துச்சு. என் பொண்ணு பரீட்சைக்குப் படிச்சுட்டுப் புத்தகத்து மேலயே சாஞ்சு கிடப்பா, அதே முகம். நானே ஆமென் சொல்லி முடிச்சுடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா திறந்தது தெரிஞ்சுடும்னு மறுபடி மூடிக்கிட்டேன்."

மற்றவர்கள் மறுபடி கூரை ஓடுகளுக்குப் போனார்கள்.

"அப்போ அது மௌன ஜெபம் இல்லையா?" என்றார் போதகர், மெதுவாக.

"இல்லீங்க ஐயா," என்றார் வேதசிரோமணி. "தூங்கினாங்க. குறட்டையும் உண்டு."