தரையில் விழாத டீசல்

"வண்டி டீசல் குடிக்குது பாய்" என்று பாண்டியன் சொன்னபோது மெக்கானிக் தானிஷ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருஷத்து லாரி, கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் குடிக்கும் என்றான். ஆனால் சொந்தமாக வாங்கிய நாளிலிருந்து அந்த லாரியை ஓட்டுகிறவன் பாண்டியன் ஒருவன்தான். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை போய்த் திரும்பினால் டீசல் முள் எங்கே வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு மாதமாக முள் அங்கே நிற்கவில்லை.

தானிஷின் பட்டறை பைபாஸ் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனான். டேங்க் நன்றாக இருந்தது. ஃபில்டருக்குப் போகிற குழாயின் மூட்டில் மட்டும் லேசாக ஈரம். செப்பு வாஷர்களை மாற்றிப் போட்டு இறுக்கினான்.

"இதாண்ணா. பேஜார் தீர்ந்துச்சு, போ."

தீரவில்லை. அடுத்த வாரமும் முள் இறங்கியது. இந்த முறை தானிஷ் இன்ஜினைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினான். நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு மூட்டின் மேலும் முகப் பவுடர் தூவினான். எங்கே கசிந்தாலும் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜின் ஒரு மணி நேரம் ஓடியது. இரண்டு பேரும் டீ டம்ளரோடு குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஓர் இடத்திலும் நனையவில்லை.

"எவனாவது உறிஞ்சி எடுக்குறானா?" என்றான் தானிஷ்.

"மூடிக்குப் பூட்டு இருக்கு. சாவி என் இடுப்புலயே கெடக்குது."

"அப்போ எங்கதாண்ணா போவுது? வண்டி நிக்கிற எடத்துல ஒரு சொட்டுக் கறை இல்ல. ஓட்டும்போது வாசனை எதுனா வருதா?"

"வரல" என்றான் பாண்டியன்.

லாரிக்கு வருவதற்கு முன் பாண்டியன் பதினோரு வருஷம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவன். பச்சைத்தோலிலிருந்து முடி கழல்வதற்காகச் சுண்ணாம்போடு ஒரு மருந்து கலப்பார்கள். அதன் ஆவி முதலில் அழுகிய முட்டைபோல நாறியது. போகப் போக அந்த நாற்றம் தெரியாமல் போனது. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். பிறகு எந்த வாசனையுமே தெரியவில்லை. மனைவி மோகனா மிளகாய் வறுத்தால் அவனுக்குக் கண் மட்டும்தான் எரியும். நரம்பு செத்துவிட்டது, இனி திரும்பாது என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். பாண்டியன் அதை மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்தால் லோடு தர யோசிப்பார்கள்.

தானிஷுக்கு மூக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கொட்டகையே டீசலில் ஊறியது. அங்கே நின்றுகொண்டு எந்த வண்டியின் வாசனை என்று எப்படிப் பிரிப்பது? மோகனாவும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. புருஷன் சட்டையில் டீசல் அடிப்பது அவளுக்குப் புதிதல்ல.

அந்தப் புதன்கிழமை காலையில் பாண்டியன் ஏற்றிக்கொண்டு போனது ஷூ தைப்பதற்கான மாட்டுத்தோல். பதம் முடிந்து, வெளிர் நிறம் ஏற்றிய மெத்தென்ற தோல். அடியில் பழைய தார்ப்பாய் விரித்திருந்தார்கள். ராணிப்பேட்டைக்கு அருகே ஷூ கம்பெனியில் சரக்கைச் சோதித்து எடுப்பவர் கிருபானந்தம். மேலே இருந்த தோலைத் தொட்டுப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. அடியிலிருந்து ஒரு கட்டு உருவச் சொன்னார். தோலில் உள்ளங்கை அகலத்துக்குத் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது.

"இன்னாப்பா இது?"

"இன்னா சார்?"

"டீசல்ப்பா. அடி அடுக்கு ஊறியே போச்சு. மேல இருக்குறதும் நாறுது. ஆம்பூர்லருந்து இதோடதான ஓட்டிட்டு வந்த? உனக்கு மூக்கு இல்லையா?"

"இல்ல சார்."

சரக்கு இறக்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கிருபானந்தத்துக்குக் காது சிவந்தது. "நக்கலா?"

"நக்கல் இல்ல சார். நெஜமாவே இல்ல."

வேறு வழியில்லாமல் பாண்டியன் அங்கேயே நின்று சொன்னான். தொட்டி, மருந்து, டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. கிருபானந்தம் நல்ல மனிதர். இடையில் பேசாமல் கேட்டார்.

"எந்த ஷாப்புல?"

பாண்டியன் பெயரைச் சொன்னான்.

"அத மூடி எட்டு வருஷம் ஆயிடுச்சே."

"ஆமாங்க சார்."

"நீ இத மொதல்லயே சொல்லியிருக்கணும் பாண்டியன்."

"சொல்லியிருந்தா லோடு ஏத்த விட்டிருப்பீங்களா சார்?"

கிருபானந்தம் கையிலிருந்த தோலை மடித்தார், மறுபடி விரித்தார். "விட்டிருக்க மாட்டோம்" என்றார். பிறகு சரக்கைத் திருப்பி அனுப்பும் சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

பாண்டியன் அதே லோடோடு திரும்பினான். சரக்கை ஏற்றி அனுப்பிய ஷாப்புக்குப் போகப் பயமாக இருந்தது. வண்டி தானாகத் திரும்பியதுபோலத் தானிஷின் பட்டறைக்குள் போய் நின்றது. விஷயத்தைக் கேட்டதும் தானிஷ் சாக்கை எடுத்துத் தரையில் போட்டான்.

"எறக்காதண்ணா. லோடோடவே இன்ஜின ஓட விடு."

பத்து நிமிஷம் அடியில் அவன் சத்தமே இல்லை. பிறகு, "ஸ்டார்ட்டிங்லயே விட்டுட்டு இங்க வாண்ணா" என்று கத்தினான்.

இன்ஜினில் மிச்சமான டீசல் டேங்குக்குத் திரும்பி வர ஒரு குழாய் உண்டு. அது லாரியின் அடிச்சட்டமான சேசிஸ் மேலேயே போகிறது. அதற்குச் சற்று மேலே, பாடியைத் தாங்கும் குறுக்குக் கட்டை. வண்டி காலியாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையும். பாரம் ஏறினால் கட்டை இறங்கிக் குழாயின் மேல் உட்காரும். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்ததில் குழாயில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. குழாய் வளையும்போது மட்டும் அது வாய் திறந்தது. டீசல் கீழே சொட்டவில்லை. நூல்போல மேல்நோக்கிப் பீய்ச்சி, தளத்துப் பலகைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதமாக அத்தனையையும் குடித்த பலகை, இனிக் கொள்ளாமல் தார்ப்பாய் வழியே தோலுக்கு ஏற்றிவிட்டது.

"கைய வச்சுப் பாரு" என்றான் தானிஷ்.

பாண்டியன் கையை நீட்டினான். உள்ளங்கையில் இளஞ்சூடாகக் குத்தியது.

சரிசெய்ய இருபது நிமிஷம்தான் ஆனது. கெட்டுப்போன துண்டை அறுத்து எடுத்து, புது ஹோஸ் மாட்டி இரண்டு பக்கமும் கிளிப் போட்டான். கட்டை படாதபடி குழாயை உள்பக்கமாகத் தள்ளிக் கட்டினான். "இனிமே ஒரு சொட்டு போவாது" என்று எழுந்தவன், பாண்டியன் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டே நின்றுவிட்டான்.

"ரெண்டு வாட்டியும் காலி வண்டியத்தான் பாத்தேன். என் தப்புண்ணா."

"விடு பாய். நானும்தான் ஒண்ண மறச்சேன்."

ஷாப்பில் சத்தம்கூடப் போடவில்லை. சரக்கை இறக்கச் சொன்னார்கள். இனி வரவேண்டாம் என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஆம்பூரில் மற்ற ஷாப்புகளுக்கும் விஷயம் போய்விட்டது.

பாண்டியன் மாதனூரில் வீட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்திப் பலகைகளைக் கழுவினான். சோப்புத்தூள் போட்டான், சோடா போட்டான். மரத்தூளைக் கொட்டி ஒரு நாள் முழுக்க வைத்திருந்து கூட்டித் தள்ளினான். வெயில் ஏறும்வரை காயவிட்டு மறுபடி கழுவினான். போனதா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் மோகனாவைக் கூப்பிடுவான். அவள் புடவையைச் செருகிக்கொண்டு ஏறி, பலகையில் மண்டியிட்டு முகர்ந்து பார்ப்பாள்.

"நேத்தைக்கு இன்னிக்குக் கம்மி" என்பாள்.

ஒன்பதாவது நாள் அவள் குனிந்தவாறே வெகுநேரம் இருந்தாள்.

"கட்டைக்குள்ளயே போயிடுச்சுங்க. மேல கழுவி ஒண்ணும் ஆவாது."

"நல்லா பாத்தியா?"

"வாசனை போயிடுச்சுன்னு சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றான்.

தளம் முழுவதையும் பெயர்த்துப் புதுப்பலகை போட்டால்தான் வழி என்றார் ஆசாரி. அது இப்போதைக்கு நடக்கிற காரியமில்லை. கணியம்பாடியில் மாட்டுத்தீவனம் ஏற்றலாமா என்று கேட்டுப் பார்த்தான். வியாபாரி பின்கதவைத் திறந்தவுடனே மூடினார்.

பிறகு ஒரு மேஸ்திரி அவனைத் தேடிக்கொண்டு வந்தார். தோலிலிருந்து வழித்தெடுக்கும் சதைக்கழிவை ஷாப்புகளில் அள்ளி, திமிரிக்கு அந்தப் பக்கம் பசை காய்ச்சும் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். அந்த லோடுக்கு எந்த டிரைவரும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை.

"ஒனக்கு வாசனையே தெரியாதாமே, நெஜமா?" என்று கேட்டார்.

பாண்டியன் தலையாட்டினான். அவர் முகம் மலர்ந்தது. நாளைக்கே வா என்றார்.

அவன் போனான். வண்டி இப்போது ஒரு சொட்டு டீசலை வீணாக்குவதில்லை. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் பைக்குக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தெருக்காரர்கள் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டதால் லாரியைப் பாலாற்றங்கரையில் விட்டுவிட்டு நடந்து வந்தான். கிணற்றடியில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, மகள் பூங்குழலி தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பாண்டியன் தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். மோகனா வேண்டாம் என்று தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளும் தன் தட்டோடு வந்தாள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.