கொம்பனைக் கட்டிப்போட்ட நாள்

என் வாயில் கொள்ளியைத்தான் வைக்க வேண்டும். மிஸ்பா ஊரே திரண்டு நின்ற வாசலில், அத்தனை பேர் காது கேட்க, நானே சிரித்துக்கொண்டு சொன்னேன்.

என் பெயர் அசுபாள். கீலேயாத் நாடு முழுக்க இன்று ஒருவனைப் பார்த்து நியாயாதிபதி என்று எழுந்து நிற்கிறதே, அவனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். விலைமகள் பெற்ற பிள்ளை என்று சொல்லி உடன்பிறந்தவர்களே அடித்து விரட்டியபோது, தோப் தேசத்துக்கு ஓடிவந்து என் புருஷனோடு சேர்ந்தான். வழிப்பறிதான் பிழைப்பு. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? என் புருஷன் செத்த பிறகு என்னைத் தெருவில் விடாமல் காப்பாற்றியவன் அவன். அவன் பெண்டாட்டி செத்த பிறகு மகள் மில்காளை வளர்த்தவள் நான்.

அம்மோனியர் வந்து கழுத்தை நெரித்ததும், விரட்டிவிட்ட அதே பெரிய மனிதர்கள் தோப் வரைக்கும் நடந்து வந்து அவன் காலைப் பிடித்தார்கள். நீதான் எங்களுக்குத் தலைவன் என்றார்கள். "இங்க சொன்னா பத்தாது. மிஸ்பால, கர்த்தருக்கு முன்னால சொல்லுங்க" என்றான். மனிதர் பேச்சை அவன் நம்பமாட்டான். கர்த்தர் கேட்கச் சொன்ன வார்த்தையை மட்டும் நம்புவான். "அம்மா வீடு இல்ல, அப்பன் சொத்து இல்ல. சொன்ன சொல் ஒண்ணுதான்க்கா எனக்குன்னு இருக்கு" என்று அடிக்கடி சொல்வான். எனக்கு அப்போது அது பெருமையாக இருந்தது.

அவர்கள் அப்படியே வந்து சொல்ல, நாங்கள் மிஸ்பாவில் குடியேறினோம். எங்கள் பக்கம் ஆடும் மனிதரும் ஒரே வீடு. கீழே ஆடு, மேலே நாங்கள். கதவைத் திறந்தால் முதலில் பாய்வது ஆடுதான். எங்கள் வீட்டில் அது கொம்பன். கரிய கிடா, உடம்பில் ஒரு குறை சொல்ல முடியாது. தெருமுனையில் தம்பி குரல் கேட்டால் போதும், குறுக்கே யார் நின்றாலும் முட்டித் தள்ளிக்கொண்டு ஓடும். அவன் கையில் எப்போதும் ஒரு உப்புக்கட்டி வைத்திருப்பான். அதை நக்கத்தான் அத்தனை பாசம்.

போருக்கு முன்னால் ஒருநாள் அவன் வீடு திரும்பியபோது, எதிரே ஓடிய மில்காளைக் கொம்பன் இடித்துத் தள்ளி, அவள் கைப்பறை மிதிபட்டுக் கிழிந்துபோனது. அதை அவள் மறக்கவே இல்லை.

வெற்றிச் செய்தி வந்த அன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "அத்தை, இந்தத் தடவை நான்தான் முதல்ல. அந்தத் தடியனைக் கட்டிப்போடுங்க."

"கட்டுறேன்டி, கத்தாதே. உங்க அப்பன் உன்னைப் பார்க்கத்தானே வர்றான், ஆட்டையா?"

நான்தான் கட்டினேன். இரட்டைக் கயிறு போட்டு, உள்தூணில், இரண்டு முடிச்சு.

வெயில் சாயும் முன்னே படை வந்தது. மில்காள் புதுப் பறையைத் தட்டிக்கொண்டு, கால் தரையில் படாமல் ஆடிக்கொண்டு வெளியே ஓடினாள். தோழிகள் பின்னால். எங்கள் வழக்கம் அது; வென்று வருகிறவனைப் பெண்கள் அப்படித்தான் எதிர்கொள்வார்கள். தம்பி அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், கதவைப் பார்த்தான்.

"கொம்பன் எங்க?"

அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா கேட்டே போ! உன் செல்ல மகளுக்கு முன்னால அவன் வந்துடக் கூடாதுன்னு நானே கட்டிப்போட்டேன். இன்னிக்கு முதல்ல வந்தது உன் பொண்ணுதான், கண்ணார பாரு!"

ஊர்ப் பெரியவர்கள் சிரித்தார்கள். படைவீரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

தம்பி இரண்டு கையாலும் தன் அங்கியைக் கழுத்திலிருந்து கிழித்தான். கையிலிருந்த உப்புக்கட்டி கீழே விழுந்து உருண்டது. மில்காளின் பறை நின்றது.

"என்னடா ஆச்சு இவனுக்கு?" என்று பக்கத்தில் நின்ற வீரன் யாமினைப் பிடித்து உலுக்கினேன்.

"போருக்குப் போற வழியில நேர்ந்துக்கிட்டாரு, அத்தை. ஜெயிச்சு வந்தா வீட்டு வாசல்ல எது முதல்ல எதிர வருதோ, அது கர்த்தருக்குத் தகனபலின்னு. நாங்க எல்லாரும் சிரிச்சோம். கொம்பன் கதை முடிஞ்சுதுடான்னு."

ஐயோ! உள்ளே ஓடினேன். நானே போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை, கத்தியால் அறுத்தேன். கொம்பனைக் கொம்பைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன்.

"இந்தா! இவன்தான் முதல்ல வந்தான். காலையிலேயே வெளிய வந்துட்டான். நான் விளையாட்டுக்குச் சொன்னேன்டா!"

"அக்கா, ஊரே கேட்டுச்சு. கர்த்தரும் கேட்டாரு."

"பிள்ளையை நெருப்புல போடுறது அம்மோனியன் சாமிக்குடா! நம்ம கர்த்தர் எப்படா கேட்டாரு? கொம்பன்னு பேரைச் சொல்லியே நேர்ந்து தொலைச்சிருக்கக் கூடாதா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "அவ்வளவு பெரிய ஜெயத்தைக் கேட்டுட்டு, ஒரு ஆடு தர்றேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சுக்கா. சொல் பெரிசா இருக்கணும்னு நெனச்சேன்."

அவனைச் செருப்பால் அடித்திருப்பேன். கை வரவில்லை. கர்த்தரிடமே பெரிதாகச் சொல்லிச் சிறிதாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறான். அந்தச் சிறிதையும் நான் கட்டிப்போட்டுவிட்டேன்.

மில்காள் அவன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "சொன்னது சொன்னதுதானேப்பா? நீங்க மாத்திச் சொன்னா, உங்களை விரட்டிட்டு அப்புறம் வந்து காலைப் பிடிச்சவங்க மாதிரி நீங்களும்னு ஆயிடும். ரெண்டு மாசம் மட்டும் குடுங்க. தோழிங்களோட மலைக்குப் போறேன். கல்யாணம் காணாமப் போறேனே, அதை அங்க அழுதுட்டு வர்றேன்."

"போ" என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

போகும்போது அத்திப்பழ அடையும் உலர்ந்த திராட்சையும் ஆறு மாதத்துக்கு ஆகிற அளவு கட்டிக்கொடுத்தேன். தோழிகளைத் தனியே இழுத்து, "யோர்தான் ஆத்தைத் தாண்டிக் கூட்டிட்டுப் போயிடுங்கடி. இந்தப் பக்கம் தலைகாட்டாதீங்க" என்று அவர்கள் காலில் விழுந்தேன். தினமும் வேண்டினேன், இந்தப் பெண் அப்பனைப்போல் இருக்கக் கூடாது என்று.

இரண்டு மாதம் முடிந்த அன்று விடியும்போதே கதவைத் திறந்துவைத்தேன். கொம்பனுக்குக் கயிறே போடவில்லை. தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவன் வேண்டிக்கொண்டதும் நான் வேண்டிக்கொண்டதும் அன்று ஒன்றுதான் என்று அவன் முகத்தில் தெரிந்தது. வெயில் ஏறியது. தெரு காலியாகவே கிடந்தது. வரமாட்டாள் என்று எனக்கு மெல்ல மூச்சு திரும்பியது.

அப்போது தெருமுனையில் அவள் வந்தாள். தனியாக, வேகமாக, நேரம் தவறிவிட்டதோ என்று பயந்தவள் நடப்பது போல.

"அவதான்!" என்று தம்பி கத்திவிட்டான். அந்தக் குரல் கேட்டதும் கொம்பன் வீட்டுக்குள்ளிருந்து பாய்ந்தது. என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு, முதல் ஆளாக அவனிடம் ஓடி, முகத்தை அவன் கைக்குள் நுழைத்தது.

"அப்பா, வந்துட்டேன்" என்றாள் மில்காள்.

அவன் விரல்களை விரித்தான். உப்பு இல்லை. கொம்பன் அந்த வெறும் கையை நக்கிக்கொண்டே இருந்தது.