கிருஷ்ணாயில் கிடங்கில் ஒரு டம்ளர் டீ

அது ஐம்பத்திரண்டாம் வருஷமா, ஐம்பத்து மூன்றா என்று ஜன்னத்துக்கு நிச்சயமில்லை. அன்று பெய்த மழைகூட அவளாகப் பின்னால் சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். டீ கொடுத்தது மட்டும் உண்மை.

கல்மண்டபம் பகுதியில் கிருஷ்ணாயில் கடை போட அவள் புருஷன் மஜீது லைசென்சு கேட்டிருந்தான். மண்ணெண்ணெய்ப் பீப்பாய் வைக்கும் கிடங்கில் யாரும் குடியிருக்கக் கூடாது, நெருப்பு ஆகவே ஆகாது என்பது சட்டம். புதிதாகக் கல்யாணமான அவர்களுக்கோ அந்தக் காலிக் கிடங்கை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

இன்ஸ்பெக்டர் நனைந்தபடி வந்தார். "இங்க யாரும் தங்கலியே?"

"இன்னா சார், இது கடை. வூடு வேற கீது," என்றான் மஜீது.

வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப ஜன்னத்துக்கு மனம் வரவில்லை. சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து சுடச்சுட டீயோடு வந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர் டம்ளரில் எழுந்த ஆவியைப் பார்த்தார். அவள் கை மருதாணியைப் பார்த்தார்.

"முதல்ல அடுப்ப அணைம்மா," என்றார். அவள் அணைத்துவிட்டு வந்த பிறகே டம்ளரை வாங்கிக் குடித்தார். "அந்த வேற வீட்டச் சீக்கிரம் பாருப்பா. குடிபோனதும் சொல்லு, வந்து கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் ஒரு பீப்பாயும் உள்ள வரக்கூடாது."

அவர் போனதும் மஜீது தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "சக்கரையாச்சும் போட்டியா?"

"போட்டேன். பாவம், பசியோட வந்தாப்பல இருந்தாரு."

புளியந்தோப்பில் ஓர் அறை கிடைத்தது. பிறகு லைசென்சும் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். மஜீது மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டான். ஜன்னத் மகள் வீட்டில் இருக்கிறாள்.