மூன்றாவது துலுக்கானம்

பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்த அன்று வாத்தியார் என் அப்பா பெயரைக் கேட்டார். துலுக்கானம் என்றேன். என் பெயரைக் கேட்டார். துலுக்கானம் என்றேன். எனக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டி முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். இன்றுவரை என்னிடம் மட்டும் சத்தமாகப் பேசுகிறார்.

எங்கள் வீட்டில் மூத்த மகனுக்கு அப்பா பெயர்தான். எத்தனை தலைமுறையாக என்று கேட்டால் அப்பா கையை மேலே ஆட்டுகிறார். இதில் ஒரு சிக்கல். பெண்கள் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லக்கூடாது. ஆகவே அம்மா என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா 'பெர்சு', நான் 'சின்னது'.

எனக்கு மகன் பிறந்ததும் என் மனைவி நாகவல்லி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "என் புள்ளைய நான் பேர் சொல்லிக் கூப்புடணும்."

அப்பாவிடம் சொல்ல வேண்டிய காரணங்களை முறையாக எழுதினேன். படித்துப் பார்த்துப் பாதியை அடித்தேன். மீதியை ஒரு மாலை அப்பாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பங்கரையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நம்மள ஆள லண்டன்ல புதுசா வந்த ராஜாவே அப்பன் பேரத்தான் வெச்சிகினு கீறாரு, நம்பர் மட்டும் மாத்திகினு," என்றார் அப்பா. "மண்ணூர்பேட்டையில உனுக்கு இன்னா வந்துச்சி?"

காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டேன். சரி என்று சொல்லிவிட்டேன். அதை நாகவல்லியிடம் எப்படிச் சொன்னேன், அவள் எதை எடுத்து எறிந்தாள் என்பதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பெயர் வைக்கும் நாளில் உறவுக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். அப்பா குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். அம்மா குழந்தையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"டேய் துலுக்கானம்," என்றாள். உறவுக்காரர்கள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். "பொறந்ததுலேந்து ஒரு வேல செஞ்சிகிறியாடா நீ? துன்றே, தூங்கறே, எழுந்தா கத்தறே. தலைல ஒத்த முடி இல்ல, கோவம் மட்டும் மூக்கு மேல கீது."

அப்பாவின் வழுக்கையில் வேர்வை அரும்பியது. யாரோ துண்டுக்குள் இருமினார்கள்.

"இன்னாடி பேசறே?"

"கொயந்தைய கொஞ்சறேன். பேரு நீதானே வெச்சே?" அம்மா மறுபடி குழந்தையிடம் திரும்பினாள். "சாராயக்கடை பக்கம் பூடாதடா துலுக்கானம், கால ஒடச்சிடுவேன்."

இப்போது யாரும் துண்டைத் தேடவில்லை. வாய்விட்டே சிரித்தார்கள். இது இனி தினமும் நடக்கும் என்பது அப்பாவுக்கு விளங்கிவிட்டது. எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"வேற பேரு வெச்சித் தொலைங்க."

"தேவராஜு," என்றாள் நாகவல்லி, அவர் வாயை மூடுவதற்குள். அப்புறம் குழந்தையை வாங்கிக்கொண்டு, எங்கே எடுத்துவிடுவார்களோ என்பதுபோல அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா வெற்றிலைத் தட்டைப் பார்த்தாள். காலியாக இருந்தது.

"துலுக்கானம், போய் வெத்தில வாங்கினு வாடா," என்றாள்.

அப்பாவும் நானும் ஒன்றாக எழுந்தோம். 'டா' போட்டதால் என்னைத்தான் கூப்பிட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அப்பா மறுபடி உட்கார்ந்துவிட்டதால், நான் போனேன்.