தாய்வீட்டுச் சாவுகள்

அழகர்சாமி எழுந்தான். கிணற்றடியில் பல் விளக்கினான். இரண்டு குடம் இறைத்தான். பித்தளைக் கூஜாவையும் நிரப்பி மூடியைத் திருகினான். அப்புறம்தான், கொண்டுபோய்க் கொடுத்தால் குடிக்க ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது. வாழையடியில் கவிழ்த்தான். தினமும் இப்படித்தான்.

காட்டூரில் அந்த வாடகை வரிசைக்கு அது ஒன்றுதான் கிணறு. பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, உங்க ஆபீஸ்காரங்க பாட்டில்ல தண்ணி புடிச்சிட்டுப் போனாங்களே, கெணறு பாஸா, ஃபெயிலா?"

"ஃபெயில்க்கா. சாக்கடை கலக்குதாம். மூடணும்."

"ஆமா, மூடிட்டு ரோட்டுக் குழாய்ல சண்டை போடறோம்! இந்த வரிசையில ஒரு சாவு மேளம் கேட்டிருப்பீங்களா?"

சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் மனைவி ரங்கநாயகி டைபாய்டில் போய்ச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் மேளம் அடித்தது ஸ்ரீரங்கத்தில், அவள் தாய்வீட்டில்.

சுகாதார அலுவலகச் சுவரில் வரைபடம். கெட்ட கிணற்றுக்கு நீல வட்டம். காய்ச்சல் சாவுக்குச் சிவப்புக் குண்டூசி. காட்டூர் வட்டத்தில் குண்டூசியே இல்லை.

"சாவே இல்லாத கிணத்தை மூடச் சொன்னா மேலிடத்துல சிரிப்பாங்கய்யா. ஃபைலை இன்னிக்கே முடிச்சிடு" என்றார் அதிகாரி சவரிநாதன்.

அழகர்சாமி நகரவில்லை. மேளம் எப்படிக் கேட்கும்? காய்ச்சலில் படுத்த பெண்டுகளை அந்த வரிசையில் யார் வைத்துக்கொண்டார்கள்? கடைசி வீட்டு மயிலம்மாளை வண்டி கட்டித் திருவெள்ளறைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். எதிர்வீட்டுக் காளியாயியை மண்ணச்சநல்லூருக்கு. சாவுச் செய்திதான் திரும்பி வந்தது. சாவு, செத்த ஊரில் பதிவானது.

அந்த இரண்டு ஊர்க் குண்டூசிகளையும் பிடுங்கிக் காட்டூரில் குத்தினான். காரணத்தைச் சொன்னான். பிறகு ஸ்ரீரங்கத்துக் குண்டூசியில் கை வைத்தான்.

"அது உன் சம்சாரம் இல்லையா? காய்ச்சலுக்கு முன்னாடியே அவங்க அங்க ஒரு மாசம் இருந்தாங்களே. காவேரித் தண்ணிதானே குடிச்சிருப்பாங்க?"

"இல்ல சார். சாயங்காலம் சாயங்காலம் கூஜாவுல நம்ம கிணத்துத் தண்ணியை பஸ்ல கொண்டுபோய்க் கொடுத்தேன்."

"என்னத்துக்குய்யா?"

"அவ கேட்டா சார்."

மூன்றாவது குண்டூசியும் வட்டத்துக்குள் இறங்கியது. சவரிநாதன் கிணற்றை மூட உத்தரவு எழுதப் பேனாவைத் திறந்தார். அழகர்சாமியின் காதில் கூஜா மூடி திருகும் சத்தம். கடைசிச் சாயங்காலம், ஒரு டம்ளர் குடித்து முடித்துவிட்டு அவள் மறுபடி கை நீட்டினாள். அவள் பேசிய கடைசிப் பேச்சு:

"இன்னும் ஒரு மடக்கு குடுங்க. இங்க உள்ள தண்ணி சப்புன்னு இருக்கு."