பின்னறை யாருக்கு

தச்சுப்பட்டறையை இரண்டாகப் பிரிப்பதென்று முடிவானதும், தன் பிள்ளைகளுக்குக் கேக் வெட்டும்போது போடுகிற சட்டத்தையே அக்கா இங்கேயும் போட்டாள். தம்பி பிரிக்க வேண்டும். அவள் புருஷன், அதாவது அத்தான், முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிக்கிறவன் ஓரவஞ்சனை செய்தால் அது அவன் தலையிலேயே விடியும். வக்கீலும் வேண்டாம், பஞ்சாயத்தும் வேண்டாம்.

சண்டை புதிதல்ல. முன்னறையில் நிற்கும் அத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் 'நாளைக்கே ரெடி' என்று வாக்குக் கொடுத்துவிடுவார். பின்னறையில் தம்பி முதுகொடிய இழைத்தாலும் நாலு நாளாகும். அப்புறம் இரண்டு பேரும் எலியும் பூனையும்தான். ஆனாலும் தம்பிக்கு அந்தப் பின்னறை உயிர். அவனுக்குத் திக்குவாய். முன்பின் தெரியாதவர்கள் ஏதாவது கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், காது சிவந்துபோகும். முன்னறையில் நிற்பதற்குப் பட்டறையையே மூடிவிடலாம் என்பது அவன் எண்ணம்.

ஆகவே, பாவி, கணக்குப் போட்டான். அத்தானுக்குப் பேச்சு கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம், முன்னறையை விட்டு நகரவே மாட்டார். அப்புறமென்ன! புது அறுப்பு மெஷின், நல்ல பலகைகள், கிளாம்ப்கள் எல்லாம் பின்னறைப் பங்கில் போய்ச் சேர்ந்தன. பழைய மெஷினும் போனும் தெருவைப் பார்த்த வாசலும் முன்னறைக்கு.

அத்தான் இரண்டு அறையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். யோசிக்கக்கூட இல்லை.

"பின்னாடி ரூம் எனக்கு."

 புது மெஷின் மேல் கண் வைத்துவிட்டார் என்று தம்பி நினைத்தான். அப்படியானால் வருகிறவர்களிடம் யார் பேசுவது என்று திக்கித் திணறிக் கேட்டேவிட்டான்.

"மெஷினை வேணா நீயே எடுத்துக்கோ மாப்ள. எனக்கு உள்ள சாத்திக்க ஒரு கதவு போதும்," என்றார் அத்தான். "மனுஷங்க மூஞ்சியப் பாத்துப் பேசறதே எனக்கு ஆகாது. நீ திக்குவியேன்னுதான் இத்தனை வருஷமா அங்க நின்னேன். சீக்கிரம் போய்த் தொலையட்டும்னுதான் எல்லார்கிட்டயும் நாளைக்கேன்னு சொன்னேன்."

அக்காவுக்கே இது புதுச் செய்தி. தம்பிக்கோ நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் முன்னறை பிடிக்கிறதா என்று அந்த மனிதரை அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மறுநாள் காலை ஒரு அம்மாள் கால் உடைந்த நாற்காலியோடு வந்தாள். நாளைக்குக் கிடைத்துவிடுமா என்று கேட்டாள். உள்ளே அறுப்பு மெஷின் சட்டென்று நின்றது. சுவிட்சில் கை வைத்தபடி அத்தான் காது கொடுத்துக்கொண்டிருப்பது தம்பிக்குப் புரிந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும், வந்துவிடுவார்.

அவன் கூப்பிடவில்லை.

"நா... நா... நாளைக்கு முடியாதும்மா," என்றான். "வெ... வெள்ளிக்கிழமை வாங்க."

அந்த அம்மாள் சரியென்று நாற்காலியை வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.