ஊதுங்க பாக்கலாம்

காளியண்ணன் ஆயுசில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. அதை நம்பத்தான் ஆள் இல்லை. மூன்று வருஷமாக நடை தள்ளாடுகிறது, நாக்கு குழறுகிறது. மலைமேல் சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால், "அண்ணன் காலையிலயே ஏத்திட்டாரு" என்று சந்தையில் மிளகு அளக்கிறவன்கூடச் சிரிப்பான். ஊர் வாய்க்குப் பூட்டா போட முடியும்?

பெண்டாட்டி அத்தாயி முதலில் நம்பத்தான் பார்த்தாள். சாயங்காலமானால் முகத்துக்கு நேரே வந்து, "ஊதுங்க பாக்கலாம்" என்பாள். ஊதிக் காட்டுவான். வாடை இருக்காது. "எதையோ மென்னு மறைக்கறீங்க" என்று சொல்லி, மகள் யமுனாவைக் கூட்டிக்கொண்டு அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்குத் தாய்வீடு போனவள்தான், திரும்பவில்லை. தனக்கு மட்டும் உலை வைத்துத் தானே தின்பது இருக்கிறதே, பாவி மனுஷனுக்கு அதுதான் நோயைவிடப் பெரிய கொடுமையாக இருந்தது.

டாக்டர் தேடி அலைந்தது தனிக் கூத்து. ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார். இன்னொருவர், குடியை விட்டுவிட்டு வா என்று விரட்டினார். கடைசியில் ஒரு நர்ஸம்மா சொல்லி, இந்த மாதிரி நோயை மட்டுமே பார்க்கிற டாக்டர் ராதிகாவைக் கோயம்புத்தூரில் கண்டுபிடித்தான். அவர் நடக்கவிட்டுப் பார்த்தார், மூக்கைத் தொடச் சொன்னார், ரத்தம் எடுத்து எங்கோ அனுப்பினார். முடிவு இன்றைக்கு வந்தது.

"இது குடி இல்லைங்க. சிறுமூளை சுருங்கிட்டு வருது. லட்சத்துல சிலருக்குத்தான் வரும்."

காளியண்ணனுக்கு அழுகை பொங்கியது. நோய் என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்டவன் வேறு எவனும் இருக்க மாட்டான். "இதை என் ஊட்டுக்காரிகிட்ட நீங்களே போன்ல சொல்லுங்கம்மா" என்று தன் போனை நீட்டிக் கெஞ்சினான்.

"சொல்றேன். உங்க அப்பா அம்மாவுக்கு இப்படி இருந்துச்சா?"

"அய்யன் தள்ளாடித்தான் போனாருங்க. அவரையும் குடிகாரன்னுதான் சொன்னாங்க."

"பிள்ளைங்க?"

"ஒரே பொட்டப்புள்ளைங்க. அடுத்த மாசம் கல்யாணம்."

டாக்டர் போனை மேஜைமேல் வைத்தார். அப்புறம், "இது ரத்தத்துல வர்றது. அவளுக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பிருக்கு. தடுக்க மருந்து இல்லை. பக்குவமா அவகிட்டச் சொல்லிடுங்க" என்றார்.

காளியண்ணன் போனை மெல்ல எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். "நானே நேர்ல சொல்லிக்கறேனுங்க."

பேளுக்குறிச்சியில் இறங்கி மாமனார் வீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். ஜன்னல் வழியே யமுனா தெரிந்தாள். தட்டு நிறையக் காப்பி டம்ளர்களோடு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தான், கையைப் பார்த்தான். ஒரு சொட்டுக்கூடத் தளும்பவில்லை.

அத்தாயி பதறிப்போய் வாசலுக்கு வந்து மறித்தாள். அவள் குரல் கெஞ்சியது.

"ஏனுங்க, இன்னிக்குமா? இல்லைன்னு சொல்லுங்க. எங்க, ஊதுங்க பாக்கலாம்."

அவள் நம்புவதற்குத் தயாராகத்தான் நின்றாள். மூன்று வருஷமாக அவன் காத்துக்கிடந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். உள்ளே யமுனா எதற்கோ சிரித்தாள்.

காளியண்ணன் கையால் வாயைப் பொத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேண்டாங் கண்ணு. இன்னிக்கு வாடை வரும்."